பேரரசருக்கு 'வேண்டாம்' சொன்ன கவிஞர்



2,000 ஆண்டுகளுக்கும் முந்திய ரோம் நகரம். ஒரு சிறுவன் பள்ளிக்குப் போகிறான். நல்ல உடை உடுத்தியிருக்கிறான். பின்னால் வேலையாட்கள் வருகிறார்கள். பரம்பரைச் சொத்துள்ள வீட்டுப் பிள்ளை போலும் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வசதியான ரோமானியக் குடும்பங்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போய் அழைத்துவர ஓர் அடிமை இருப்பான். பிள்ளை கெட்ட வழியில் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. இந்தச் சிறுவனுக்கு அந்த வேலையைச் செய்தவர் அவனைப் பெற்ற தகப்பனாரே. எந்த ஆசிரியரிடம் போனாலும் மகனோடு கூடவே போய் நின்றார்.

அந்தத் தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஏலம் நடக்கும் இடங்களில் பொருள் எடுத்தவர்களிடம் பணம் வசூலித்துக் கொடுப்பது அவர் தொழில். ஊரில் விளைச்சல் குறைந்த சிறு நிலம் ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

சிறுவனின் முழுப்பெயர் குவின்டஸ் ஹோரேஷியஸ் பிளாக்கஸ். உலகம் ஹோரேஸ் என்று அழைக்கிறது. பிற்காலத்தில் பேரரசர் அகஸ்டஸே தம்முடைய கடிதங்களை எழுதும் வேலைக்கு இவரைக் கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னவர். அதை எப்படிச் சொன்னார், சொல்லிவிட்டும் எப்படி நிம்மதியாக வாழ்ந்தார், அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

ஹோரேஸ் பிறந்தது கி.மு. 65-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள். ஊர், தென் இத்தாலியிலுள்ள வெனூசியா. இன்று வெனோசா என்கிறார்கள். உள்ளூரிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. படை அதிகாரிகளின் பிள்ளைகள் பையும் பலகையும் மாட்டிக்கொண்டு, மாதந்தோறும் சம்பளம் கட்டி அங்கே படித்தார்கள். தம் மகனுக்கு அது போதும் என்று தகப்பனார் நினைக்கவில்லை. ரோமுக்கே கூட்டிப்போனார். செனட்டர் வீட்டுப் பிள்ளைகள் என்ன படித்தார்களோ அதையே படிக்க வைத்தார். அங்கே ஓர்பிலியஸ் என்று ஓர் ஆசிரியர். அடிக்குப் பேர்போனவர். அந்த அடியை ஐம்பது வயதைத் தாண்டியும் ஹோரேஸ் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்!

இவ்வளவு செலவு செய்த தகப்பனாரிடம் ஒரு விசேஷம் உண்டு. மகன் படித்து முடித்துக் கடைசியில் தம்மைப் போலவே ஏலப் பணம் வசூலிக்க வந்துவிட்டால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே அவருக்கு இருக்கவில்லை. போட்ட முதல் திரும்பி வருமா என்று பார்க்கவில்லை. இயற்கை எல்லாருக்கும் மறுபடியும் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தாலும், தமக்குத் தம் பெற்றோரே போதும் என்று ஹோரேஸ் எழுதினார். பெரிய மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது. அடிமை வழி வந்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் அவருக்குக் கடைசிவரை குறையவில்லை.

தகப்பனார் மகனுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்த விதமும் தனி. தத்துவம் பேசவில்லை. தெருவில் போகிறவர்களைக் காட்டினார். அதோ அவனைப் பார், அப்பன் வைத்த சொத்தை அழித்துவிட்டு நிற்கிறான். இதோ இவனைப் பார், அடுத்தவன் மனைவியோடு பிடிபட்டு ஊர் சிரித்தது. நல்லதற்கும் அப்படித்தான், ஊர் மதிக்கும் ஒரு நீதிபதியைக் காட்டி, நடந்தால் இவரைப்போல நட என்பார். ஆளைக் காட்டி அறிவு புகட்டும் இந்தப் பழக்கம்தான் தம்மைக் கவிதைக்குக் கொண்டுவந்தது என்று ஹோரேஸே சொல்கிறார். படிப்பறிவு குறைந்த ஒரு தகப்பனாரின் கை விரல்தான் ரோமானிய இலக்கியத்தில் ஒரு வகைக் கவிதையை நமக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

அந்த வகைக் கவிதை அங்கதம். சமுதாயத்தின் அசட்டுத்தனத்தையும் பேராசையையும் எள்ளி நகையாடிப் பாடுவது. காவியம், நாடகம், வரலாறு என்று பெரும்பாலானவற்றைக் கிரேக்கர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ரோமானியர்கள், அங்கதம் மட்டும் முழுக்க முழுக்கத் தங்கள் சொந்தச் சரக்கு என்று பெருமைப்பட்டார்கள். ஹோரேஸுக்கு முந்திய தலைமுறைகளில் லுசிலியஸ் என்பவர் அதில் கொடிகட்டிப் பறந்தார். 30 நூல்கள் எழுதியவர். வாழ்ந்துகொண்டிருந்த பெரிய மனிதர்களையே பெயர் சொல்லிச் சாடியவர். ஆனால் அவரிடம் பணம் இருந்தது, குலப்பெருமை இருந்தது, கார்த்தேஜ் நகரை வீழ்த்திய தளபதி சிப்பியோ அவருக்கு நண்பர். அவருக்கு வாய் நீண்டதில் ஆச்சரியம் இல்லை. விடுதலை பெற்ற அடிமையின் மகன் அதே வாயைத் திறந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்தக் கேள்வி எழுவதற்கு முன்னால் ஒரு போர் வந்தது.

மேற்படிப்புக்காக ஹோரேஸ் ஏதென்ஸ் போயிருந்த சமயம். கி.மு. 44, மார்ச் 15-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அதே ஆண்டு ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். தத்துவ வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். கூடவே படைக்கு ஆள் சேர்த்தார். குடியரசைக் காப்போம் என்ற முழக்கம் இளைஞர்களின் காதில் இனிக்காமல் போகுமா? சிசரோவின் மகன் சேர்ந்தான். ஹோரேஸும் சேர்ந்தார். இருபது வயதைத் தாண்டியிருந்த அவருக்குப் படையில் 'டிரிபியூன்' என்ற உயர் பதவி கிடைத்தது. ஒரு லெஜியனுக்கு ஆறு பேர்தான் அந்தப் பதவியில் இருப்பார்கள். அடிமையின் மகனுக்கு ரோமானியப் படை கீழ்ப்படிவதா என்று பல்லைக் கடித்தவர்கள் நிறையப் பேர்.

கி.மு. 42, அக்டோபர் மாதம். கிரேக்க நாட்டின் வடக்கே பிலிப்பி என்ற இடத்தில் இரண்டு சண்டைகள் நடந்தன. புரூட்டஸின் அணி தோற்றது. புரூட்டஸ் தற்கொலை செய்துகொண்டார். ஹோரேஸ் ஓடினார். கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடியதாகப் பின்னால் அவரே ஒரு கவிதையில் ஒப்புக்கொள்கிறார். வென்றவர்களில் ஒருவர், சீசரின் தத்துப்பிள்ளையான இளைஞர் ஆக்டேவியன். பின்னாளில் அகஸ்டஸ் என்ற பட்டத்தோடு பேரரசரானவர் இவர்தான்.

பொதுமன்னிப்பு கிடைத்து ஹோரேஸ் ஊர் திரும்பினார். தகப்பனாரின் வீடும் நிலமும் கைவிட்டுப் போயிருந்தன. வெனூசியாவின் நிலங்களெல்லாம் வென்ற படை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்த காலம் அது. எப்படியோ பணம் புரட்டி, அரசாங்கக் கருவூலத்தில் கணக்கர் வேலை ஒன்றை வாங்கிக்கொண்டார். நம் தோட்டங்களில் கிராணி என்பார்களே, அப்படி ஒரு எழுத்து வேலை. பகலில் பேரேடு, மிச்ச நேரத்தில் கவிதை. வறுமைதான் துணிச்சல் கொடுத்து எழுத வைத்தது என்பது அவருடைய வாக்குமூலம்.

அந்தக் கவிதைகள் சிலர் கண்ணில் பட்டன. கவிஞர்களான வர்ஜிலும் வேரியஸும் நண்பர்களானார்கள். அவர்கள் ஹோரேஸை மைசினாஸ் என்பவரிடம் அழைத்துப் போனார்கள். மைசினாஸ் பெரும் செல்வர். ஆக்டேவியனின் வலக்கை. ரோமில் எந்தப் பதவியிலும் இல்லாமல் எல்லாவற்றிலும் கை வைத்திருந்தவர்.

முதல் சந்திப்பில் ஹோரேஸுக்கு நாக்கு எழவில்லை. திக்கித் திக்கி நாலு வார்த்தை பேசினார். பெரிய குலத்தில் பிறந்தேன் என்று அளக்கவில்லை. உள்ளதைச் சொன்னார். மைசினாஸும் சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஒன்பது மாதம் எந்தச் செய்தியும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஆள் வந்தது. இனி நீயும் என் நண்பர்களில் ஒருவன் என்றார் மைசினாஸ். இது கி.மு. 38-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது.

குடியரசுக்காக வாள் ஏந்தியவர், குடியரசை முடித்துவைத்த அணியின் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார். இதை எப்படி எடுத்துக்கொள்வது? பச்சோந்தி என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அது அவ்வளவு சுலபமான விஷயமாகத் தெரியவில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கி.மு. 37 வாக்கில், ஆக்டேவியனுக்கும் ஆண்டனிக்கும் சமரசம் பேச மைசினாஸ் தெற்கே புருண்டிசியம் நோக்கிப் பயணம் போகிறார். உடன் ஹோரேஸும் வர்ஜிலும் போகிறார்கள். பேரரசின் தலைவிதியை முடிவுசெய்யும் பயணம். ஹோரேஸ் அதைப்பற்றி ஒரு நீண்ட கவிதையே எழுதியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது? கெட்ட தண்ணீர் குடித்து வயிறு கெட்டது இருக்கிறது. கொசுவும் தவளையும் தூங்க விடாதது இருக்கிறது. குடித்துவிட்டுப் பாடிய படகோட்டி, இழுக்கிற கோவேறு கழுதையை மேய விட்டுவிட்டுக் குறட்டை விட்டது இருக்கிறது. சமரசப் பேச்சைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெரியவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் தாம் கண்ணுக்குக் கறுப்பு மருந்து பூசிக்கொண்டிருந்ததாக எழுதுகிறார். பார்க்கவில்லை என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அங்கதக் கவிஞர் வாயை மூடிக்கொண்ட முதல் இடம் இது. மூடிக்கொண்டதை மறைக்காமல் சிரித்துக் காட்டியதுதான் அவருடைய சாமர்த்தியம்.

முதல் அங்கத நூல் கி.மு. 35 வாக்கில் வந்தது. பத்துக் கவிதைகள். கி.மு. 30 வாக்கில் இரண்டாவது, எட்டுக் கவிதைகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பேச்சுகள்' என்று பொருள்படும். மேடைப் பேச்சல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. வியாபாரிக்குச் சிப்பாய் வாழ்க்கை மேல் ஆசை, சிப்பாய்க்கு வியாபாரி மேல் பொறாமை, உழவனுக்கு நகரத்தான் மேல் ஏக்கம். சரி, மாற்றிக்கொள்ளுங்கள் என்று கடவுளே வந்து சொன்னால் ஒருவரும் மாறமாட்டார்கள் என்று ஒரு கவிதையில் சிரிக்கிறார். மேலே இருப்பவர்களைப் பெயர் சொல்லித் தாக்குவதில்லை. ஆனால் எல்லாரிடமும் இருக்கிற நோயை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

அவருடைய கவிதைகளில் பலருக்கும் பிடித்தது அந்த ஒட்டுண்ணிக் கதை. ஹோரேஸ் தெருவில் தன்பாட்டுக்கு நடந்து போகிறார். பெயரளவில் மட்டும் தெரிந்த ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். வேகமாக நடந்தாலும் விடவில்லை, நின்றாலும் விடவில்லை. ஆற்றுக்கு அப்பால் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்றாலும், எனக்கும் வேலையில்லை, கூடவே வருகிறேன் என்கிறான். மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருகிறான். மைசினாஸிடம் என்னை அறிமுகப்படுத்தி வை, இருக்கிறவர்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு உன்னை முதலிடத்தில் உட்கார வைக்கிறேன் பார் என்கிறான்! எதிரில் ஒரு நண்பர் வருகிறார். ஹோரேஸ் கண்ணைக் காட்டுகிறார், கையைக் கிள்ளுகிறார். நண்பர் புரிந்தும் புரியாததுபோலச் சிரித்துவிட்டு நழுவிவிடுகிறார். கடைசியில் அந்த ஆளின் மீது வழக்குப் போட்டிருந்த ஒருவன் வந்து அவனை நீதிமன்றத்துக்கு இழுத்துப்போன பிறகுதான் கவிஞருக்கு மூச்சு வருகிறது. செல்வாக்குள்ளவருக்கு நண்பராக இருந்த எவருக்கும் இந்தத் தொல்லை புரியும்.

கி.மு. 33 வாக்கில் ரோமுக்கு வடகிழக்கே சபைன் மலைப்பகுதியில் ஒரு பண்ணை ஹோரேஸுக்குக் கிடைத்தது. மைசினாஸ் தந்தது என்றே கொள்கிறார்கள். இன்றைய லிசென்சா என்ற ஊருக்குப் பக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு பழைய மாளிகையின் அடித்தளத்தை ஹோரேஸின் வீடு என்று பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். நிலம், வீட்டுக்குப் பக்கத்தில் ஊற்று, கொஞ்சம் காடு. தாம் வேண்டியது இவ்வளவுதான் என்று நன்றியோடு பாடினார். நாட்டுப்புற எலி நகரத்து எலி வீட்டுக்கு விருந்துக்குப் போய், நாய் குரைத்ததும் நடுங்கி ஓடிவந்த கதையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கதைக்குப் பெயர்பெற்ற ஒரு வடிவம் இந்தப் பண்ணையைப்பற்றி ஹோரேஸ் எழுதிய கவிதையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சங்கடமான செய்தியும் உண்டு. அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்கள் எட்டு அடிமைகள். அடிமையின் மகனுக்கு அடிமைகள்! அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஹோரேஸே தள்ளிவிட்டுப் போகவில்லை.

ரோமில் டிசம்பர் மாதம் சட்டர்னேலியா என்ற திருவிழா வரும். அந்த நாள்களில் அடிமைகள் எஜமானரிடம் மனம்விட்டுப் பேசலாம். டாவஸ் என்ற அடிமை ஹோரேஸிடம் வந்து, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன், பயமாக இருந்தது என்கிறான். சரி, டிசம்பர் ஆயிற்றே, சொல் என்கிறார் எஜமானர். பிறகு கொட்டுகிறான் பாருங்கள். ரோமில் இருந்தால் பட்டிக்காட்டுக்கு ஏங்குகிறீர்கள், பட்டிக்காட்டுக்குப் போனால் ரோமை வானளாவப் புகழ்கிறீர்கள். யாரும் விருந்துக்குக் கூப்பிடாத நாளில் வீட்டுக் கீரையே அமிர்தம் என்கிறீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மைசினாஸிடமிருந்து ஆள் வந்துவிட்டால், எண்ணெய் எங்கே, காது கேட்கவில்லையா என்று வீடே அதிரக் கத்திவிட்டு ஓடுகிறீர்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டை நம்பி வந்தவர்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போகிறார்கள். எனக்கு நீங்கள் எஜமானர். உங்களுக்கு இன்னொருவர் எஜமானர். அடுத்தவன் கயிற்றை இழுக்க ஆடுகிற மரப்பொம்மைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? இவ்வளவு தத்துவமும் அவனுக்கு எங்கே கிடைத்தது என்றால், ஒரு தத்துவ ஆசிரியர் வீட்டு வாயிற்காவலனிடம் கேட்டுக்கொண்டதாம்!

எஜமானரால் பதில் சொல்ல முடியவில்லை. கல் எங்கே, அம்பு எங்கே என்று கத்துகிறார். உடனே போகாவிட்டால் பண்ணைக்கு ஒன்பதாவது கூலியாளாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். கவிதை அங்கே நின்றுவிடுகிறது. வாதத்தில் தோற்றவன் கையில் அதிகாரம் மட்டும் மிஞ்சியிருப்பதை, அதுவும் தம்மையே அந்த இடத்தில் நிறுத்தி, இவ்வளவு சுருக்கமாகக் காட்டியவர்கள் குறைவு. அடிமை முறையை அவர் எதிர்த்தார் என்று சொல்ல இடமில்லை. டாவஸ் விடுதலை கேட்கவுமில்லை, ஹோரேஸ் கொடுக்கவுமில்லை. ஆனால் தம் தகப்பனார் நின்ற இடத்திலிருந்து ஒருவன் பேசினால் தம்மைப்பற்றி என்ன சொல்வான் என்பதை அவர் கற்பனை செய்து பார்த்தார், அதை ஊரறிய வெளியிடவும் செய்தார்.

மைசினாஸ் விஷயத்துக்கு வருவோம். கி.மு. 20 வாக்கில் வெளிவந்த கடிதக் கவிதைகளில் ஒன்று. ஐந்தே நாள் என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குப் போன ஹோரேஸ் ஆகஸ்டு மாதம் முழுவதும் திரும்பவில்லை. மைசினாஸ் கேட்டிருக்க வேண்டும். பதில் எழுதுகிறார். உடல்நலத்துக்காக இன்னும் இருக்கப்போகிறேன், குளிர்காலம் போய் முதல் குருவி வரும்போதுதான் வருவேன் என்கிறார். கூடவே ஒரு கதை. மெலிந்த நரி ஒன்று சிறு துவாரம் வழியாகத் தானியக் குதிருக்குள் நுழைந்தது. வயிறு முட்டத் தின்றது. பிறகு வெளியே வர முடியவில்லை. மெலிந்து நுழைந்த வழியில் மெலிந்துதான் வெளியேற வேண்டும் என்றது பக்கத்திலிருந்த பிராணி. அந்த நரி நான்தான் என்று நீங்கள் நினைத்தால் கொடுத்ததை எல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறார் ஹோரேஸ்.

அதோடு விடவில்லை. இன்னொரு கதையும் சொல்கிறார். பிலிப்பஸ் என்ற பெரிய வழக்கறிஞர் நீதிமன்றத்திலிருந்து களைத்து வருகிறார். ஆளில்லாத முடிதிருத்தும் கடையில் ஒருவன் சவரம் செய்துகொண்டு நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். யாரென்று விசாரித்தால், பெயர் மேனா, ஏலம் கூறுகிறவன். கொஞ்சம் சம்பாத்தியம், சொந்த வீடு, சின்னச் சின்ன நண்பர்கள், வேலை முடிந்தால் விளையாட்டுப் பார்க்கப் போவான். பிலிப்பஸ் விருந்துக்கு அழைக்கிறார். முதலில் மறுக்கிறான். பிறகு வருகிறான். அடிக்கடி வருகிறான். ஒருநாள் பிலிப்பஸ் அவனைத் தம் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறார். காற்றென்ன, வானமென்ன என்று மேனா வாய் ஓயாமல் புகழ்கிறான். பிலிப்பஸுக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. 7,000 செஸ்டர்ஸ் இனாம், 7,000 கடன் கொடுத்து ஒரு பண்ணை வாங்க வைக்கிறார்.

துப்புரவாக இருந்த மேனா, உழவும் திராட்சையுமே பேச்சாக மாறிப்போகிறான். பிறகு ஆடு திருட்டுப் போகிறது. வெள்ளாடு நோயில் சாகிறது. விளைச்சல் ஏமாற்றுகிறது. உழுத மாடு விழுந்து செத்துப்போகிறது. நடு இரவில் குதிரையைப் பிடித்துக்கொண்டு பிலிப்பஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அழுக்கும் தாடியுமாக. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், என்னைப் பழைய வாழ்க்கைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சுகிறான்.

நேயர்களே, மேனாவின் தொழில் என்ன? ஏலம். ஹோரேஸின் தகப்பனார் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில். மேனாவுக்குக் கிடைத்த நிலம் எங்கே? சபைன் நாட்டில். ஹோரேஸுக்குக் கிடைத்த அதே சபைன் நாட்டில். மைசினாஸ் இதைப் படித்தபோது யாரைப்பற்றிய கதை என்று அவருக்கு விளங்காமல் இருந்திருக்குமா? பண்ணையைக் கொடுத்தவர் முகத்துக்கு நேரே, உங்கள் கொடை என்னை விலைக்கு வாங்கியதாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நட்பும் முறியக்கூடாது. சிரிப்பு இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது. மைசினாஸ் பண்ணையைத் திரும்பக் கேட்கவில்லை. நட்பும் கடைசிவரை நீடித்தது.

அடுத்தது அகஸ்டஸ். பேரரசர் மைசினாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சூட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் காப்பாற்றி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் நண்பர்களுக்கு நானே எழுதுவேன், இப்போது வேலையும் அதிகம், உடம்பும் சரியில்லை, உங்கள் ஹோரேஸை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது சாரம். மைசினாஸின் மேசையை ஒட்டுண்ணிகளின் மேசை என்று கேலியாகச் சொல்லி, அங்கிருந்து அரச மேசைக்கு வரட்டும் என்றும் எழுதியிருந்தார். பேரரசரின் அந்தரங்கக் கடிதங்களை எழுதும் பதவி! எவ்வளவு செல்வாக்கு, எவ்வளவு சொத்து! ஹோரேஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அகஸ்டஸும் கோபித்துக்கொள்ளவில்லை. குள்ளமாகவும் பருமனாகவும் இருந்த கவிஞரின் உருவத்தைக் கிண்டல் செய்து தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் பேரரசருக்கு ஒரு மனக்குறை இருந்தது. யார் யாருக்கோ கடிதக் கவிதை எழுதுகிறீர்கள், எனக்கு ஏன் இல்லை, என் நண்பர் என்று பேர் எடுத்தால் பிற்காலத்தில் அவமானம் என்று பயமா என்று கேட்டேவிட்டார். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டாம் சொல்ல முடியும்? ஹோரேஸ் எழுதினார். அதற்கு முன்பே அகஸ்டஸின் ஆட்சியைப் புகழும் பாடல்களையும் எழுதியிருந்தார். கி.மு. 17-இல் ரோம் கொண்டாடிய மாபெரும் விழாவில் 27 சிறுவர்களும் 27 சிறுமியரும் பாடிய பாட்டு அவர் இயற்றியது. அந்த விழாவின் கல்வெட்டு 1890-இல் ரோமில் கிடைத்தது. பாட்டை எழுதியவர் என்று அவர் பெயர் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

விலை இங்கேதான் கொடுக்கப்பட்டது. கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவர், பின்னாளில் நாட்டுக்காகச் சாவது இனிமை என்று பாடினார். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் அந்த வரியைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளைப் பார்த்துவிட்டு வந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன், 1917-இல் அந்த வரியைப் பொய் என்று மறுத்து ஒரு கவிதை எழுதினார். 1918, நவம்பர் 4-இல், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஓவனும் போர்முனையில் மாண்டார். அங்கதம் எழுதிய ஹோரேஸ் அந்த வரியைக் கேட்டிருந்தால் டாவஸை விட்டே பதில் சொல்லச் சொல்லியிருப்பார். பாட்டு எழுதிய ஹோரேஸ் அப்படிச் செய்யவில்லை.

பேரரசர் கேட்டு வாங்கிய கடிதக் கவிதையின் முடிவு மட்டும் பழைய ஹோரேஸை நினைவூட்டுகிறது. பெரியவர்களைப் புகழ்ந்து எழுதப்படும் மோசமான கவிதைகள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டு, மளிகைத் தெருவுக்குத்தான் என்கிறார். சாம்பிராணியும் மிளகும் மடித்துக் கொடுக்கும் காகிதமாக. அந்த மிளகு எங்கிருந்து போனது தெரியுமா? பழைய சேர நாட்டின் மேற்குக் கடற்கரையிலிருந்து ரோமானியக் கப்பல்கள் ஏற்றிச் சென்றது. அகஸ்டஸ் காலத்து நாணயங்கள் தமிழகத்து மண்ணில் இன்றும் கிடைக்கின்றன. பேரரசரைப் புகழச் சொன்ன இடத்தில், புகழ்ச்சிக் கவிதையை மிளகுப் பொட்டலமாக்கிக் காட்டியிருக்கிறார் கவிஞர்!

கி.மு. 8-ஆம் ஆண்டு மைசினாஸ் இறந்தார். தம்மை நினைப்பதுபோல் ஹோரேஸையும் நினைத்துக்கொள்ளும்படி அகஸ்டஸுக்கு உயிலில் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து 59-ஆவது நாள், நவம்பர் 27-இல் ஹோரேஸும் இறந்தார். 57 வயது நிறைவதற்குப் பதினொரு நாள் இருந்தது. மனைவி மக்கள் இல்லை. நோய் முற்றி, உயில் எழுதிக் கையெழுத்திட நேரமில்லை. சாட்சிகள் முன்னால் வாய்மொழியாகவே வாரிசைச் சொன்னார். வாரிசு, அகஸ்டஸ். செயலாளராக வரமாட்டேன் என்று சொன்னவரின் பண்ணை கடைசியில் பேரரசரிடம் போயிற்று.

அவரை எஸ்குவிலைன் குன்றின் ஓரத்தில், மைசினாஸின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் குன்றைப்பற்றி இளவயதில் அவரே ஓர் அங்கதக் கவிதை எழுதியிருந்தார். மைசினாஸ் பூந்தோட்டமாக மாற்றுவதற்கு முன்னால் அது ஏழைகளின் பொது இடுகாடு. இறந்துபோன அடிமைகளை உடன்வேலை செய்த அடிமைகள் மலிவான பெட்டியில் வைத்துத் தூக்கிவந்து போட்ட இடம்.